கிளேட்டன் மணற்குழிகளும் சுன்னாகம் கிணறுகளும்

கிளேட்டன் தெற்கில் வீடு வாங்க எண்ணியிருக்கும் ஒருவர் எங்கள் கலையகத்துக்குத் தொலைபேசி எடுத்து ஒரு கேள்வி கேட்டிருந்தார். பார்த்த வீடு பிடித்திருக்கிறதாம். சற்றுத் தள்ளிப் பரந்த புல்வெளி, நடுவில் மேடு தட்டிய நிலம். அந்தப் புல்லுக்குள்ளே அங்கங்கே குழாய்கள் நிமிர்ந்து நிற்கின்றனவாம். அவை தண்ணீர்க் குழாய்களா என்பதுதான் அவருடைய கேள்வி.

தண்ணீர்க் குழாய்கள் அல்ல. அவை நிலத்துக்கு அடியில் புதைந்திருக்கும் குப்பையிலிருந்து வாயுவை உறிஞ்சும் குழாய்கள், அல்லது அந்த வாயு வெளியே நகருகிறதா என்று அளந்து பார்க்கும் குழாய்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் அந்தக் குப்பை ஏன் இங்கே வந்தது, யாருடைய குப்பை அது, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்கப் போனால் கிளேட்டனின் அரை நூற்றாண்டுக் கதையைச் சொல்லவேண்டி வரும். இந்த மாத உரையை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

கிளேட்டன் என்றவுடன் எங்களுக்கு நினைவுக்கு வருவது மொனாஷ் பல்கலைக்கழகம், பெரிய ஆஸ்பத்திரி, கிளேட்டன் வீதியில் உள்ள மளிகைக் கடைகள். புகையிரத நிலையம் 1880ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் இது தோட்டக் காணி. கிளேட்டனுக்குத் தெற்கே ஹெதர்ட்டன், டிங்லி வரைக்கும் மரக்கறித் தோட்டங்கள் இருந்தன. மண் மணற்பாங்கானது, தண்ணீர் தேங்காது, கொத்துவதற்கும் இலகு. யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்தவர்கள் அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் அருமை உடனே விளங்கும். இந்தப் பகுதியை ஆங்கிலத்தில் 'மணற்பட்டி' என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். மெல்பேர்னின் பேர்பெற்ற கோல்ஃப் மைதானங்கள் பல இங்கே அமைந்ததற்கும் அந்த மணலே காரணம். இந்த நிலத்தின் ஆதிக்குடிகளான பூன்வுரங் மக்களும் மணலை வைத்தே இடத்துக்குப் பெயர் சொன்னார்கள். ஹெதர்ட்டனில் இன்று குடும்பங்கள் நடக்கப் போகும் கார்க்கரூக் பூங்காவின் பெயருக்கு மணல் உள்ள இடம் என்பது பொருள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மெல்பேர்ன் தென்கிழக்கே வேகமாகப் பெருகியது. வீடு, தெரு, தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் கொங்கிறீற் வேண்டும். கொங்கிறீற்றுக்கு மணல் வேண்டும். தோட்டக் காணிகள் ஒன்றன்பின் ஒன்றாக மணல் கம்பனிகளின் கைக்குப் போயின. கிளேட்டன் தெற்கு, ஹெதர்ட்டன், டிங்லி எங்கும் ஆழமான குழிகள் விழுந்தன.

மணல் எடுத்து முடிந்த பிறகு குழி மிஞ்சும். வெறும் குழியால் யாருக்கும் வருமானம் இல்லை. இங்கேதான் வியாபார மூளை வேலை செய்தது. நகரம் வளர வளரக் குப்பையும் வளர்ந்தது, அதைப் போட இடம் தேவைப்பட்டது. வெளியே எடுத்த மணலுக்கு ஒருமுறை காசு, உள்ளே போட்ட குப்பைக்கு இன்னொரு முறை காசு. ஒரே காணி இரண்டு முறை உழைத்துக் கொடுத்தது. அன்றைக்கு இதை யாரும் தவறென்று சொல்லவில்லை. பள்ளத்தை நிரப்பி நிலத்தை மீட்கிறோம் என்றே பேசினார்கள். இந்த மாநிலத்தில் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1970ஆம் ஆண்டில்தான். அதன்கீழ் உருவானதுதான் ஈ.பி.ஏ. என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபை. அதற்கு முன்னர் குழிகளுக்குள் போனவற்றுக்கு ஒழுங்கான கணக்கை எதிர்பார்க்க முடியாது.

குப்பை யாருடையது என்பது இந்தக் கதையின் சுவாரசியமான பகுதி. கிளேட்டன் தெற்கில் இருந்த பெரிய நிரப்பிடம் ஒன்று ஐந்து மாநகரசபைகளின் கூட்டுச் சொத்து. மொனாஷ், வைற்ஹோர்ஸ், கிளென் ஐரா, பொரூண்டாரா, ஸ்ரொனிங்டன் ஆகியவையே அந்த ஐந்தும். பொரூண்டாரா என்றால் கியூ, கம்பர்வெல். ஸ்ரொனிங்டன் என்றால் டூராக். மெல்பேர்னில் வீட்டு விலை உச்சத்தில் உள்ள தெருக்களின் குப்பைத் தொட்டிகள் எங்கள் பக்கத்துக் குழிக்குள்தான் கவிழ்க்கப்பட்டன. அதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்றுண்டு. கிளேட்டன் தெற்கின் பெரும்பகுதி கிங்ஸ்டன் மாநகரசபைக்குள் இருக்கிறது. அந்த ஐந்து உரிமையாளர்களில் கிங்ஸ்டன் இல்லை. லொறியும் நாற்றமும் ஓரிடத்தில், உரிமைப் பத்திரம் வேறிடத்தில். 2015ஆம் ஆண்டு முடிவில் அந்த நிரப்பிடம் குப்பை ஏற்பதை நிறுத்தியது. கிங்ஸ்டன் மக்கள் பல ஆண்டுகளாக இந்தக் குழிகளுக்கு எதிராகக் கூட்டம் போட்டும், கடிதம் எழுதியும், சபைத் தேர்தல்களில் கேள்வி கேட்டும் வந்திருந்தார்கள். நிரம்பிய குழிகளைத் தொடர் பூங்காக்களாக இணைக்கவேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை.

ஒரு குழியை மூடி மேலே புல் போட்டுவிட்டால் விடயம் முடிந்துவிடுவதில்லை. சாப்பாட்டு மிச்சம், மரக்கிளை, கடதாசி எல்லாம் காற்றில்லாத ஆழத்தில் கிடந்து உக்கும்போது நுண்ணுயிர்கள் ஒரு வாயுவை உண்டாக்குகின்றன. அதில் ஏறத்தாழப் பாதி மீதேன், மீதியில் பெரும்பங்கு கரியமிலவாயு. மீதேனுக்கு மணம் இல்லை. குப்பைமேட்டில் எங்கள் மூக்கில் அடிப்பது அதனோடு சேர்ந்து வரும் வேறு வாயுக்கள். காற்றில் மீதேன் 5 வீதத்திலிருந்து 15 வீதம்வரை கலந்து நிற்கும்போது ஒரு சிறு பொறி போதும், வெடிக்கும். உக்குவது ஓரிரு வருடத்தில் நிற்கிற காரியமும் இல்லை, பல பத்தாண்டுகள் நீளும். அந்த வாயு சும்மா கிடக்காது. வழி கிடைக்கிற பக்கமெல்லாம் நகரும். மணலைவிட நல்ல வழி அதற்கு வேறென்ன வேண்டும்? மழைநீர் குப்பைக்குள் இறங்கிக் கறுப்புச் சாறாகக் கசிவதும் அப்படித்தான், நிலத்தடி நீரைத் தேடிப் போகும். அதனால்தான் பிற்காலத்தில் குழியின் அடியிலும் பக்கங்களிலும் களியும் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பும் போடவேண்டும் என்று விதித்தார்கள். பழைய குழிகளுக்கு அந்த விரிப்புக் கிடையாது.

இதற்கு வியாபாரம் கண்ட பதில் கெட்டித்தனமானது. அந்த வாயுவைக் குழாய்களால் உறிஞ்சி, இயந்திரத்தில் எரித்து, மின்சாரம் எடுத்து விற்றார்கள். கிளேட்டன், ஸ்பிரிங்வேல், பெர்விக் நிரப்பிடங்களில் இப்படி மின்சாரம் எடுக்கப்பட்டிருக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் மீதேன் கரியமிலவாயுவைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக் கூடியது என்பதால், அதை எரிப்பது வானத்துக்கும் நல்லது, மின்சாரம் விற்பவருக்கும் நல்லது. ஒரே காணி மூன்றாம் முறையும் உழைத்தது என்று சொல்லலாம். நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நல்லது செய்தால் ஆதாயமும் உண்டு என்ற நிலை வந்தபோது கம்பனிகள் விரைந்து செய்தன, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆதாயம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2008ஆம் ஆண்டு கிரான்போர்ணில் நடந்ததைப் பாருங்கள்.

எங்கள் குடும்பங்கள் கிளேட்டனில் வாடகைக்கு இருந்து, பிறகு வீடு வாங்கக் கட்டுப்படியாகும் இடம் தேடிக் கிரான்போர்ண், ஹம்ரன் பார்க், பெர்விக் பக்கம் நகர்ந்த காலம் அது. கிரான்போர்ணில் புரூக்லண்ட் கிறீன்ஸ் என்ற புதிய குடியிருப்பு. அதன் ஓரத்தில் ஸ்ரீவன்சன்ஸ் வீதிக் குப்பைக் குழி. அதுவும் பழைய மணற்குழிதான். 1996ஆம் ஆண்டிலிருந்து 2005ஆம் ஆண்டுவரை அங்கே குப்பை நிரப்பப்பட்டது. விரிப்புப் போடவேண்டும் என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்திருந்தது. 1992ஆம் ஆண்டில் விடயம் மேன்முறையீட்டு மன்றத்துக்குப் போய், விரிப்பில்லாமலே நடத்த வழி பிறந்தது. பிறகு 2004ஆம் ஆண்டில், குழிக்கும் வீடுகளுக்கும் நடுவே வெறுமையாக விட்டிருந்த இடைவெளிக்குள்ளும் வீடு கட்ட இன்னொரு மன்றத் தீர்ப்பு இடம் கொடுத்தது.

2008 செப்ரெம்பரில் வீடுகளுக்குள்ளே மீதேன் கண்டுபிடிக்கப்பட்டது. வீட்டை விட்டு வெளியேறுவதைப் பற்றி யோசியுங்கள் என்று தீயணைப்புச் சேவை குடியிருப்பாளர்களுக்கு அறிவித்தது. நினைத்துப் பாருங்கள் நேயர்களே. முப்பது வருடக் கடன் எடுத்து வாங்கிய வீடு. சுவருக்குள் வெடிவாயு. இதைக் கேள்விப்பட்ட எங்கள் சனங்களில் எத்தனை பேருக்குப் பழைய நினைவுகள் கிளம்பியிருக்கும்! அவசரமாகப் பையைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடுவது எங்களுக்குப் புதிது அல்ல. இந்த நாட்டிலும் அது வரும் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை.

மாநிலக் குறைகேள் அதிகாரி ஒம்புட்ஸ்மன் 2009 ஒக்ரோபரில் இதைப் பற்றி நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டார். ஈ.பி.ஏ.யும் கேஸி மாநகரசபையும் தங்கள் கடமையில் எங்கெங்கே தவறின என்று அது எடுத்துக் காட்டியது. அந்த வரலாற்றில் என்னை உறுத்துவது ஒன்று. இதில் இரகசியம் என்று எதுவுமே இல்லை. விரிப்பில்லை என்பது கோப்பில் இருந்தது. குப்பைக்குப் பக்கத்தில் வீடு கட்டுவதால் வரும் ஆபத்து கோப்பில் இருந்தது. மன்றத் தீர்ப்புகளும் கோப்பில் இருந்தன. சபைக்குத் தெரியும், அதிகாரசபைக்குத் தெரியும், காணி பிரித்து விற்றவர்களுக்கும் பக்கத்தில் குப்பைக் குழி இருப்பது தெரியும். அதன் முழு அர்த்தம் விளங்காமல் இருந்தவர் திறப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போன வீட்டுக்காரர் ஒருவரே. குடியிருப்பாளர்கள் ஒன்றுசேர்ந்து கூட்டு வழக்குப் போட்டார்கள். 2 கோடி 35 இலட்சம் டொலருக்கு வழக்கு இணக்கமாக முடிந்தது. அதை மாநகரசபையும் ஈ.பி.ஏ.யும் பகிர்ந்து கொடுத்தன. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் மாநிலமெங்கும் மூடிய குழிகளைச் சுற்றி அளவைக் குழாய்கள் இறக்கிக் கவனமாகப் பார்க்கும் வழக்கம் இறுகியது. நேயர் பார்த்த குழாய்களையும் இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

மணலைப் பற்றி இவ்வளவும் சொல்லும்போது சுண்ணாம்புக்கல்லின் நினைவு வராமல் போகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கடலின் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கும் நன்னீரே எங்கள் கிணற்றுத் தண்ணீர். வலிகாமத்தின் பெரிய நன்னீர்ப் படுக்கைக்குச் சுன்னாகத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். மேலே விட்டதைச் சுண்ணாம்புக்கல் வடிகட்டித் தராது, அப்படியே கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தச் சுன்னாகத்தில்தான் நீண்ட காலமாக மின் நிலையம் இருக்கிறது. 2000களின் பிற்பகுதியில் நோதேர்ண் பவர் என்ற தனியார் கம்பனி அங்கே எண்ணெயில் இயங்கும் மின் நிலையத்தை நடத்தி, மின்சார சபைக்கு மின்சாரம் விற்றது. சில வருடங்களில் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வாளியில் அள்ளினால் மேலே படலம். தண்ணீர் வழங்கல் சபையின் பரிசோதனைகளும் பல கிணறுகளில் எண்ணெய் இருப்பதை உறுதிப்படுத்தின. கிணறு இருக்கத்தக்கதாகப் பவுசருக்குக் காத்து நிற்கும் நிலை வலிகாமத்துக்கு வந்தது.

பதில் சொல்லவேண்டியவர்கள் ஆளையாள் காட்டினார்கள். போர்க்காலக் குண்டுவீச்சில் சிதைந்த பழைய எண்ணெய்த் தாங்கிகளே காரணம் என்ற விளக்கமும் சொல்லப்பட்டது. போர் எங்கள் ஊரில் செய்த அழிவுகளுக்குக் குறைவில்லை என்பது உண்மைதான். ஆனால் போரைக் காட்டி எல்லாக் கணக்கையும் தீர்த்துவிட முடியாது அல்லவா? வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழு ஆபத்தைக் குறைத்துச் சொன்னதாக மக்கள் கொதித்தார்கள். எங்களுடைய வாக்குகளால் வந்த சபையோடும் தண்ணீருக்காக வாதாட வேண்டி வந்தது அந்த ஊருக்கு மிகவும் கசப்பான அனுபவம். 2015 தொடக்கத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் உத்தரவோடு அந்த நிலையம் நின்றது. அதே ஆண்டு கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஒன்று தாக்கலானது. மனுதாரர் தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் ஆர்வலர், ரவீந்திர குணவர்தன காரியவசம். சுன்னாகத்துக் கிணற்றுக்காக ஒரு சிங்களவர் வழக்காடினார் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்ற கோட்பாட்டின்படி, கம்பனி 2 கோடி ரூபாய் கொடுக்கவேண்டும் என்று நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதினார். கண்காணிக்க வேண்டிய அரச அமைப்புகளின் தவறுகளையும் தீர்ப்புச் சுட்டிக்காட்டியது. இலங்கைச் சட்டத்தில் இது முக்கியமான தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் தொகையைப் பாருங்கள். அன்றைய மாற்று விகிதத்தில் அது 2 இலட்சம் டொலரைக்கூட எட்டாது. கிரான்போர்ணுக்குக் கிடைத்ததில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு இடத்திலும் நிலத்துக்குள் போனதை வெளியே எடுக்கும் செலவு இந்தத் தொகைகளுக்குள் அடங்காது என்பது வேறு விடயம்.

எல்லாப் பழியையும் கம்பனி மேல் போட்டுவிட்டு நாங்கள் ஒதுங்கவும் முடியாது. சுன்னாகத்துக்கு எண்ணெய் வருவதற்கு நெடுங்காலம் முன்பே யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருந்தது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அள்ளிக் கொட்டிய உரமும், கிணற்றுக்குக் கிட்டவே வெட்டிய மலகூடக் குழிகளும் அதற்குக் காரணம். கைக்குழந்தைகளுக்கு அது கேடு. உரக்கடை விற்றது, தோட்டக்காரர் போட்டார், விளைச்சல் வந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். கிணறு வாய் திறந்து முறையிடவில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு முறையிட்ட விதம் வேறு. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரை வருடப் பிறப்பு அன்று, அது சரிந்து வீடுகளின் மேல் விழுந்து முப்பதுக்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. பக்கத்துச் சனங்கள் அதற்கு முன்னர் பல தடவை தெருவில் இறங்கிக் கத்தியிருந்தார்கள்.

திரும்பவும் எங்கள் தென்கிழக்குக்கு வருவோம். இந்த மாநிலத்தில் 2021 ஜூலை 1ஆம் திகதி புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. கேடு நடந்த பிறகு தண்டிப்பதோடு நில்லாமல், கேடு வராமல் தடுப்பதை ஒவ்வொரு தொழிலின் மேலும் ஒவ்வோர் ஆளின் மேலும் கடமையாகவே அது வைத்தது. அதே நாளில் நகர்ப்புறக் குப்பைக் கட்டணம் ரொன்னுக்கு 65.90 டொலரிலிருந்து 105.90 டொலருக்கு ஏறியது, பிறகும் ஏறியிருக்கிறது. சட்டத்தைவிட அந்தக் கட்டணம் விரைவாக வேலை செய்தது என்பது என் கணிப்பு. இடித்த கொங்கிறீற்றைக் கொண்டுபோய்ப் புதைப்பதைவிட, அதை நொறுக்கித் தெருப் போட விற்பது இலாபம் என்றானபோது நொறுக்கும் தொழில் வளர்ந்தது. அந்தத் தொழில் எங்கள் பகுதியிலும் நடந்திருக்கிறது. இங்கே தோண்டிய மணல் கொங்கிறீற்றாகிப் போய், உடைந்து, திரும்ப இங்கேயே வந்து சேருகிறது. அதன் தூசியும் இரைச்சலும் பக்கத்து வீடுகளுக்கு. நன்மை ஊருக்குப் பொதுவாகப் பரவும், தூசி பக்கத்து வீட்டில்தான் படியும்.

கிளேட்டன் தெற்குக் குழி மூடினாலும் குப்பை குறையவில்லை. தென்கிழக்கின் குப்பையில் பெரும்பங்கு ஹம்ரன் பார்க் ஹாலம் வீதி நிரப்பிடத்துக்குப் போனது. எங்கள் குடும்பங்கள் நகர்ந்த திசையிலேயே குப்பையும் நகர்ந்தது. நாற்றத்தைப் பற்றிய முறைப்பாடுகளும் அங்கே தொடர்ந்தன. புறநகர் வட்ட ரயில் பாதைக்கான வண்டித் தரிப்பிடத்துக்கு ஹெதர்ட்டனில் காணி எடுத்தபோது, பூங்காவாகும் என்று காத்திருந்த மக்கள் ஏமாற்றத்தோடு எதிர்த்தார்கள். ஆனால் எதிர்ப்புக் கூட்டங்களில் எங்கள் முகங்கள் குறைவு. முறைப்பாடு செய்தால் விசாவுக்குப் பிரச்சினை வரும், பெயர் பதிவாகிவிடும், வீட்டுக்காரர் எழுப்பிவிடுவார் என்ற பயம் அகதியாக வந்த பலருக்கு இருபது வருடம் கழித்தும் போவதில்லை. பெயர் பதிவாவதென்றால் எங்களுக்கு என்ன அர்த்தம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஆனால் இந்த நாட்டில் நாற்றத்தைப் பற்றிய ஒரு முறைப்பாடு, எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில் என்று பதிவாகும்போது அது ஒரு சாட்சியம். பத்துப் பேர் முறையிட்டால் அதிகாரி வந்து பார்க்கிறார். ஒருவரும் முறையிடாவிட்டால் அங்கே நாற்றமே இல்லை என்று கோப்புச் சொல்லும்.

ஆகவே அந்த நேயருக்கும், வீடு பார்க்கும் மற்றவர்களுக்கும். விற்பனையாளர் தரும் 'செக்சன் 32' பத்திரத்தை வழக்கறிஞரிடம் கொடுக்கும்போது, பக்கத்தில் மூடிய குப்பைக் குழி உண்டா, வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் அவர்களாகச் சொல்வார்கள் என்று இருக்கவேண்டாம். பழைய நிரப்பிடங்களைக் காட்டும் 'விக்டோரியா அன்ஏர்த்ட்' என்ற அரசாங்க வரைபடம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது, பிள்ளைகளைக் கொண்டு முகவரியைப் போட்டுப் பாருங்கள். குழாய் நிற்பதாலேயே அந்த வீட்டைத் தவிர்க்கவேண்டும் என்பதில்லை. அளந்து பார்க்கிறார்கள் என்பது அளக்காமல் விடுவதிலும் நல்லது. கடைசியாக அளந்தது எப்போது, முடிவு என்ன என்று மாநகரசபையிடம் எழுத்தில் கேட்கலாம். நாற்றமோ புகையோ தூசியோ என்றால் ஈ.பி.ஏ.யின் இலக்கம் 1300 372 842. ஆங்கிலம் தடையென்றால் முதலில் 131 450க்கு எடுத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், அவர்களே இணைத்துவிடுவார்கள்.